கறிவேப்பிலை முதல் துளசி வரை: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பச்சை இலைகளை இறக்குமதி செய்யப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

பாரிசிலோ பெர்லினிலோ ஒரு தமிழ்க் கடை தொடங்குகிறவர், அரிசியையும் பருப்பையும் இறக்குமதி செய்து பழகிய பின், அடுத்ததாக ஆசைப்படுவது பச்சை இலைகளின் மீதுதான். வாரந்தோறும் விமானத்தில் வந்து இறங்கும் வல்லாரை, முருங்கையிலை, வெற்றிலை, புதினா, துளசி ஆகியவற்றுக்கு வாடிக்கையாளர் உறுதி, விலையும் கிடைக்கும். ஆனால் உலர்ந்த சரக்குக்கும் பச்சை இலைக்கும் சட்டத்தின் பார்வையில் பெரிய வேறுபாடு உண்டு. பறித்துக் கட்டிய இலை, ஐரோப்பியத் தாவர நலச் சட்டத்தின்படி, இன்னும் உயிருள்ள தாவரப் பாகம். அதன் மேலும் அடியிலும் உள்ளும் பூச்சிகள் உயிரோடு பயணிக்க முடியும் என்பதால்தான் அதற்கென்று தனி விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளை எந்த வரிசையில் அணுகினால் சரக்கு தேங்காமல் வெளியே வரும் என்பதை, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இலை வரவழைக்க எண்ணும் சிறு இறக்குமதியாளரை மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன்.

அடிப்படைச் சட்டங்கள் மூன்று. 2016/2031 என்ற எண்ணுள்ள ஒழுங்குமுறை தாவர நலத்தின் பொதுச் சட்டம். 2019/2072 என்பது எந்தப் பூச்சி, எந்தத் தாவரம், எந்த நாடு, என்ன நிபந்தனை என்பதைப் பட்டியலிடும் செயலாக்க ஒழுங்குமுறை. 2017/625 எல்லைச் சோதனைகள் எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. இவற்றுள் அன்றாடம் கையில் வைத்துப் புரட்ட வேண்டியது நடுவில் உள்ளது. அதன் இணைப்புகள் அடிக்கடி திருத்தப்படுவதால், எப்போதும் ஒருங்கிணைத்த அண்மைப் பதிப்பையே பார்க்க வேண்டும்.

முதற்படி: இலையின் தாவரப் பெயரைக் கண்டறிதல்

விலை விசாரிப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். சட்டம் ‘கீரை’ என்றோ ‘மூலிகை’ என்றோ ஒரு பொருளை அறியாது. தாவரப் பேரினத்தையும் இனத்தையும்தான் அறியும். அந்த இலை சமையலுக்கா, மருந்துக்கா, பூசைக்கா என்பதும் அதற்குப் பொருட்டில்லை. பெருமாள் கோயில் மாலைக்கென்று வரும் துளசியும் தாய்லாந்துச் சமையலுக்கென்று வரும் துளசியும் ஓசிமம் என்ற ஒரே பேரினம். இரண்டுக்கும் ஒரே நிபந்தனைதான். சிவராத்திரிக்கு வேண்டிய வில்வ இலையோ ஏகிள் என்ற பேரினம். அது எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கோயில்களுக்கு இலை தருவிப்பவர்கள் பலரும் வில்வத்தைத் துளசியோடு ஒரே பெட்டியில் சேர்த்துவிடுகிறார்கள். சட்டத்தில் இரண்டும் எட்டாத தொலைவில் உள்ளன என்பது அவர்களுக்குப் பெட்டி நின்ற பிறகுதான் தெரியவருகிறது.

எனவே, நீங்கள் தருவிக்க விரும்பும் ஒவ்வோர் இலைக்கும் தமிழ்ப் பெயர், தாவரப் பெயர், சுங்கக் குறியீட்டு எண் ஆகிய மூன்றையும் ஒரே அட்டவணையில் எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றுமதியாளர் தரும் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். பொன்னாங்கண்ணி என்ற பெயரில் ஊருக்கு ஊர் வெவ்வேறு செடிகள் விற்கப்படுவதையும், ‘பேசில்’ என்ற ஒரே சொல்லில் திருநீற்றுப்பச்சிலையும் துளசியும் அடங்கிவிடுவதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் படி: அந்த இலை எந்த வகையில் விழுகிறது என்று பார்த்தல்

2019 டிசம்பர் 14 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் உயிருள்ள தாவரப் பாகம் எதுவானாலும் அதற்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். ஏற்றுமதியாளர் பேச்சில் ‘பைட்டோ’ என்று வழங்குவது இதுதான். விலக்குப் பெற்றவை ஐந்தே பழங்கள்: அன்னாசி, தேங்காய், துரியன், வாழை, பேரீச்சை. வாழைப் பழத்துக்கு விலக்கு உண்டே தவிர வாழை இலைக்கு இல்லை; தோரணத்துக்கு வரும் மாவிலைக்கும் இல்லை. ஆகவே ‘சான்றிதழ் தேவையா’ என்ற கேள்வி இலை வணிகத்தில் எழுவதே இல்லை. எழ வேண்டிய கேள்வி, சான்றிதழ் மட்டும் போதுமா, அதற்கு மேல் தனி உறுதிமொழி வேண்டுமா, அல்லது அந்த இலை அடியோடு வர முடியாததா என்பதே.

அடியோடு வர முடியாதவை முதலில். எலுமிச்சை, நாரத்தை, தாய்லாந்துச் சமையலில் பயன்படும் கஃபீர் எலுமிச்சை உள்ளிட்ட சிட்ரஸ் பேரினத்தின் பழமும் விதையும் தவிர்த்த எந்தப் பாகமும் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து உள்ளே வரக் கூடாது. மண்ணும் அப்படியே. வேரோடு பிடுங்கிக் கட்டிய கொத்தமல்லியிலும் வல்லாரையிலும் வேர் இடுக்கில் ஒட்டியிருக்கும் சிறு மண்ணுருண்டை ஒன்றே பெட்டியை நிறுத்தப் போதும். வேருள்ள கட்டு நடவுக்கான செடி என்று அதிகாரி கருதவும் இடமுண்டு. அப்போது நிபந்தனைகள் பல மடங்காகும். வேரை வெட்டிவிட்டுக் கட்டச் சொல்வது எல்லாவற்றுக்கும் எளிய வழி.

கறிவேப்பிலையைத் தனியாக விளக்க வேண்டும், ஏனெனில் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். முர்ராயா என்ற பேரினத்தின் இலை ஒன்றியத்துக்குள் வர வேண்டுமானால், எலுமிச்சை இன மரங்களை அழிக்கும் கிரீனிங் நோயை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் இல்லாத நாடு என்று ஏற்கப்பட்ட நாட்டிலிருந்து அது வந்ததாகச் சான்றிதழில் எழுதப்பட வேண்டும். அந்த நோயைப் பரப்பும் ஆசிய சிட்ரஸ் சைலிட் பூச்சியைக் குறித்தும் தனி நிபந்தனை உண்டு. நோயும் பூச்சியும் இந்தியாவிலும் இருக்கின்றன, இலங்கையிலும் இருக்கின்றன. எனவே இந்த இரு நாட்டு அதிகாரிகளும் அந்த வாசகத்தை எழுத முடியாது. எழுத முடியாதபோது இலையும் வர முடியாது. தடை என்ற சொல் பட்டியலில் இல்லாமலேயே தடையாக நிற்கும் நிபந்தனை இது. வில்வமும் விளாவும் இதே பட்டியலில் கறிவேப்பிலைக்குப் பக்கத்திலேயே உள்ளன.

கறிவேப்பிலைச் செடி அந்த நோயால் எலுமிச்சையைப் போல வாடிப்போவதில்லை. பிறகு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்கள் உண்டு. அதன் இளந்தளிர் அந்தச் சைலிட் பூச்சிக்கு மிகப் பிடித்த இடம் என்பதே விடை. மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்தப் பூச்சி தளிர் மடிப்புக்குள் முட்டையிடுகிறது. ஒரு கட்டு இலைக்குள் அதன் முட்டையும் குஞ்சும் உயிரோடு தப்பி, ஒரு எலுமிச்சைத் தோட்டத்தின் அருகே வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா சான்று. அங்கே 1998-இல் பூச்சி கண்டறியப்பட்டது. 2005-இல் நோய் கண்டறியப்பட்டது. 2003-04 பருவத்தில் 24.2 கோடிப் பெட்டியாக இருந்த அம்மாநில ஆரஞ்சு விளைச்சல் 2023-24-இல் சுமார் 1.8 கோடிப் பெட்டியாகச் சுருங்கியது. சூறாவளிகளுக்கும் இதில் பங்குண்டு என்றாலும், முதற்காரணம் இந்த நோய்தான். நோய் கண்ட மரத்தை மீட்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஸ்பெயினும் இத்தாலியும் சிட்ரஸ் பயிரை நம்பியிருக்கும் நாடுகள். ஆசிய சைலிட் 2023-இல் சைப்ரசில் கண்டறியப்பட்டுவிட்ட நிலையில், இந்த நிபந்தனை தளரும் என்று எதிர்பார்த்து வணிகத் திட்டம் போடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

கிரேட் பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு, கறிவேப்பிலையைத் தாவர நலச் சான்றிதழே தேவையற்ற பொருள்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அங்கே காப்பாற்ற வேண்டிய எலுமிச்சைத் தோட்டங்கள் இல்லை, அவ்வளவுதான் காரணம். இலண்டனில் தாராளமாகக் கிடைக்கும் கறிவேப்பிலையை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து பாரிசில் விற்கலாம் என்ற யோசனை இதனால்தான் பலருக்குத் தோன்றுகிறது. அது சட்டமீறல். கிரேட் பிரிட்டன் இப்போது ஒன்றியத்துக்கு வெளிநாடு; அங்கிருந்து வரும் இலைக்கும் விளைந்த நாட்டின் நிபந்தனைதான் பொருந்தும்.

கடைக்காரர் வேறென்ன செய்யலாம்? உலர்த்திய கறிவேப்பிலை உயிருள்ள பாகமாகக் கருதப்படாததால் தாவர நல விதிகளுக்குள் வருவதில்லை. உணவுப் பாதுகாப்பு விதிகள் மட்டும் அதற்குப் பொருந்தும். மணம் குறைவு என்ற குறையோடு அதை விற்கலாம். ஒன்றியத்துக்குள்ளேயே விளைவிப்பவரிடம் வாங்குவது மற்றொரு வழி.

அடுத்த வகை, உறுதிமொழியோடு வரக்கூடியவை. துளசி இனங்கள் அனைத்தும், செலரி இலையும் இதில் அடங்கும். சில பூச்சிகள் இல்லாத நாட்டில் விளைந்தது என்றோ, ஏற்றுமதிக்குச் சற்று முன்பு அதிகாரப்பூர்வமாகச் சோதிக்கப்பட்டு அப்பூச்சிகள் இல்லாதது கண்டறியப்பட்டது என்றோ சான்றிதழில் கூடுதல் உறுதிமொழி இருக்க வேண்டும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடைமுறையில் இரண்டாவது வாசகமே பொருந்தும்.

மீதமுள்ள வல்லாரை, முருங்கையிலை, புதினா போன்றவற்றில் பெரும்பாலானவை சான்றிதழோடு வரலாம். தனி உறுதிமொழி தேவையில்லை என்பதால் பூச்சி இருந்தால் பரவாயில்லை என்று பொருளல்ல. பட்டியலிட்ட பூச்சி எந்த இலையில் கண்டறியப்பட்டாலும் சரக்கு நிற்கும்.

மூன்றாம் படி: இரண்டு பூச்சிகளை நன்றாகத் தெரிந்துகொள்ளுதல்

இலைச் சரக்கு நிற்பதற்குப் பெரும்பாலும் காரணமாகும் பூச்சிகள் ஒரு கை விரல்களில் அடங்கும். அவற்றுள் இரண்டை இறக்குமதியாளர் தன் கண்ணாலேயே அடையாளம் காணப் பழக வேண்டும்.

ஒன்று வெள்ளை ஈ. பெமிசியா டபாசி என்ற இனம். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள இதன் வளர்ந்த பூச்சி, இலையைத் தட்டினால் மாவு பறப்பது போலப் பறக்கும். ஆபத்து பறப்பதில் இல்லை; இலையின் அடிப்பக்கத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிர் மஞ்சள் நிற இளம் பருவத்தில்தான் இருக்கிறது. வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமலையும் மரவள்ளித் தேமலையும் கண்ட எந்த விவசாயிக்கும் இதன் வேலை தெரியும். நூற்றுக்கும் மேற்பட்ட வைரஸ்களைப் பரப்பக்கூடியது. தென் ஐரோப்பாவில் வெள்ளை ஈ ஏற்கெனவே இருக்கிறதே என்று வாதிடுவதில் பயனில்லை. சட்டம் தடுப்பது ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள கூட்டங்களை. அவை கொண்டுவரக்கூடிய வைரஸ்கள் அங்கே இன்னும் இல்லாதவை.

மற்றொன்று இலைத்துளைப்பான், லிரியோமைசா பேரினத்தைச் சேர்ந்த சிற்றீ. இதன் தாய் ஈ இலைத் தோலில் குத்தி உள்ளே முட்டையிடும். புழு இலையின் இரு தோல்களுக்கு இடையே வளைந்து வளைந்து தின்றுகொண்டே செல்லும். அந்தப் பாதை வெண்கோடாகத் தெரியும். முட்டையும் புதிதாகப் பொரித்த புழுவும் இலைக்குள் இருப்பதால், பறித்த அன்று பழுதில்லாமல் தெரிந்த இலையில் இரண்டொரு நாள் கழித்துக் கோடு தோன்றலாம். பேக்கிங் கூடத்தில் தேறிய இலை விமான நிலையத்தில் தவறுவதற்கு இதுவே முக்கியக் காரணம். கழுவுவதால் வெள்ளை ஈயின் வளர்ந்த பூச்சிகள் ஓரளவு நீங்கும்; ஒட்டிய முட்டையும் இலைக்குள் இருக்கும் புழுவும் நீங்கா. குளிரூட்டுவது பூச்சியின் வளர்ச்சியை மெதுவாக்கும், கொல்லாது. நச்சுப் புகையூட்டினால் பூச்சியோடு இலையும் கருகிப்போகும். ஆகவே, அறுவடைக்குப் பின் இலையைத் தூய்மையாக்கிவிடலாம் என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டும். பூச்சியில்லாத இலை வயலில் விளைவது. அதற்குப் பிறகு நடக்கும் சோதனைகள் யாவும் வயலில் நடந்ததைத் தெரிந்துகொள்ள மட்டுமே உதவும்.

இலைப்பேன், மாவுப்பூச்சி, அசுவினி ஆகியவையும் காணப்படும். எல்லா இனங்களும் பட்டியலில் உள்ளவை அல்ல என்றாலும், இனம் எதுவென்று ஆய்வகம் சொல்லும்வரை சரக்கு காத்திருக்க வேண்டும். பச்சை இலைக்குக் காத்திருப்பதே பாதி நட்டம்.

நான்காம் படி: ஏற்றுமதியாளரைத் தேர்ந்தெடுத்தல்

விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: இந்த இலை யாருடைய வயலில் விளைகிறது? சந்தையில் காலையில் வாங்கி மாலையில் பெட்டி கட்டுபவரிடம் இதற்குப் பதில் இருக்காது. அவரிடம் வாங்கினால் ஒவ்வொரு வாரமும் வேறு வேறு வயல்களின் பூச்சிகள் உங்கள் பெயரில் வந்து இறங்கும். சொந்தமாகவோ ஒப்பந்தத்திலோ விளைவிப்பவரைத் தேடுங்கள். பூச்சி புகாத வலைக்குடிலில் வளர்ப்பு, மஞ்சள் ஒட்டுப்பொறி, வயலோரக் களைகளை அகற்றுதல், பாதிப்புக் கண்ட பாத்தியை அறுவடையிலிருந்து ஒதுக்குதல் ஆகிய நான்கையும் செய்பவரா என்று நேரிலோ காணொளி அழைப்பிலோ பாருங்கள். வலையின் கதவு ஒற்றைக் கதவா, இடையறை வைத்த இரட்டைக் கதவா என்பதைக் கவனித்தாலே அவருடைய அக்கறை தெரிந்துவிடும்.

இந்தியாவிலிருந்து ஒன்றியத்துக்குக் காய்கறிகளை அனுப்புவதில் அபெடா என்ற இந்திய அரசின் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பு அங்கீகரித்த பேக்கிங் கூடங்களுக்கு முக்கிய இடமுண்டு. தாவரத் தொற்றுத்தடுப்பு அலுவலர் அங்கேயே சோதனை செய்கிறார். இந்த ஏற்பாடு வலுப்பெற்றதற்குப் பின்னால் ஒரு கசப்பான நிகழ்ச்சி இருக்கிறது. 2013-இல் இந்தியாவிலிருந்து வந்த 207 சரக்குகளில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் பிடிபட்டதையடுத்து, 2014 மே 1 முதல் மாம்பழம், சேம்பு இலை, பாகற்காய், கத்திரிக்காய், புடலங்காய் ஆகிய ஐந்தையும் ஒன்றியம் தற்காலிகமாகத் தடுத்தது. மாம்பழத் தடை 2015 தொடக்கத்திலேயே நீங்கியது; மற்றவை அதைவிட நெடுங்காலம் காத்திருந்தன. இதற்கு முன்பே, 2011-இல், துளசி உள்ளிட்ட 16 வகைக் காய்கறிகளின் ஏற்றுமதியைத் தாய்லாந்து தானாகவே நிறுத்திவைத்தது. ஒன்றியம் தடை விதிப்பதற்கு முன் தன் வீட்டைச் சீர்செய்துகொள்வதே அதன் நோக்கம். ஒருவருடைய அழுக்குச் சரக்கு ஒரு நாட்டின் வணிகத்தையே மூடும் என்பதை ஏற்றுமதியாளரிடம் பேசும்போது சொல்லத் தயங்க வேண்டாம்.

பேக்கிங் கூடத்தில் எத்தனை கட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்குப் புள்ளியியல் விடை தருகிறது. பெரிய சரக்கில் 5 சதவீதக் கட்டுகளில் பூச்சி இருந்தால், 95 சதவீத உறுதியோடு அதைக் கண்டுபிடிக்கச் சுமார் 60 கட்டுகளைப் பார்க்க வேண்டும். 1 சதவீதமே பாதிப்பு என்றால் சுமார் 300. பெட்டிக்கு ஒன்று என்று மேலாக எடுத்துப் பார்த்துவிட்டு ‘சுத்தம்’ என்று சொல்வதன் மதிப்பு எவ்வளவு என்பதை இந்த எண்கள் காட்டிவிடும். பார்க்கும் முறை எளியது: கட்டை அவிழ்த்து வெள்ளைத் தட்டின் மேல் உதற வேண்டும், விழுந்தவற்றையும், பிறகு இலைகளின் அடிப்பக்கத்தையும் தளிர் நுனியையும் பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் இப்படிப் பார்த்த பதிவேட்டின் படத்தை உங்களுக்கு அனுப்புவதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பதிவும் முன்னறிவிப்பும்

இந்தப் படியில் சிந்திக்க ஒன்றுமில்லை. செய்ய மறக்காமல் இருந்தால் போதும். உங்கள் நாட்டின் தாவர நல அதிகாரத்திடம் தாவரப் பொருள்களைத் தொழிலாகக் கையாள்பவராக (professional operator) பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு டிரேசஸ் என்ற ஒன்றிய இணையத் தளத்தில் கணக்குத் தொடங்குங்கள். சரக்கு வருவதற்குக் குறைந்தது ஒரு வேலை நாளுக்கு முன், தாவரங்களுக்கான பொது நுழைவு ஆவணத்தை அதில் நிரப்பி, எந்த எல்லைச் சோதனை நிலையத்தில் எப்போது இறங்கும் என்று அறிவிக்க வேண்டும். விமானச் சரக்குக்கு இந்த நேரம் போதாத இடங்களில், நான்கு மணி நேரத்துக்கு முன் அறிவித்தால் போதும் என்று அந்த நிலையம் அனுமதிக்கலாம். அதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கிளியரிங் ஏஜென்ட் இவற்றை உங்களுக்காகச் செய்வார். ஆனால் பொறுப்பு உங்களுடையதே. தொடக்கத்தில் சில அனுப்புதல்களுக்காவது அவர் நிரப்பியதை வரி வரியாகப் படித்துப் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரே ஏர்வே பில்லில், அதாவது விமானச் சரக்குச் சீட்டில், இருபது முப்பது வகை இலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிடுவது வழக்கம். ஒவ்வொரு வகையும் ஆவணத்தில் ஒரு வரி. ஒவ்வொரு வரியும் தவறுவதற்கு ஒரு வாய்ப்பு. என் கருத்தில், சிக்கல் குறைந்த மூன்று நான்கு வகைகளோடு தொடங்கி, துளசியைக் கடைசியில் சேர்ப்பதே நல்லது.

ஆறாம் படி: சான்றிதழை விமானம் ஏறுவதற்கு முன் படித்தல்

இந்தியாவில் மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு, தொற்றுத்தடுப்பு மற்றும் சேமிப்பு இயக்ககமும், இலங்கையில் கட்டுநாயக்கவில் உள்ள தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையும் இந்தச் சான்றிதழை வழங்குகின்றன. வேறு எந்த அலுவலகத்தின் தாளும், எவ்வளவு முத்திரை குத்தியிருந்தாலும், இதற்கு ஈடாகாது.

வரைவுப் படியைத் தொலைபேசியில் வாங்கி, சரக்கு கிளம்பும் முன் சிலவற்றைச் சரிபாருங்கள். தாவரப் பெயர் ஒவ்வோர் இலைக்கும் தனித்தனியே உள்ளதா? பெட்டி எண்ணிக்கையும் எடையும் இன்வாய்சோடும் ஏர்வே பில்லோடும் பொருந்துகின்றனவா? துளசி இருந்தால், கூடுதல் உறுதிமொழி என்ற பகுதியில் சட்டம் தரும் மாற்று வழிகளில் எது பின்பற்றப்பட்டது என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா? ‘ஐரோப்பிய ஒன்றியத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்ற பொத்தாம்பொதுவான வாசகம் இங்கே செல்லாது. அடித்தல் திருத்தல் இருந்தால் வழங்கிய அதிகாரியின் கையொப்பமும் முத்திரையும் அதனருகே உண்டா?

துபாய் போன்ற இடைநாட்டில் இறக்கிப் பெட்டி மாற்றி அனுப்பப்படும் இலைக்கு மறுஏற்றுமதிச் சான்றிதழும், அதோடு விளைந்த நாட்டின் மூலச் சான்றிதழோ சான்றளித்த நகலோ வேண்டும். பச்சை இலையில் இப்படிச் சுற்றிக் கொண்டுவருவதைத் தவிர்ப்பதே மேல். பெட்டிகள் மரத் தட்டில் அடுக்கப்பட்டால், அந்த மரத்துக்கும் ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டு முத்திரை இருக்க வேண்டும். இலை தேறி, தட்டு தவறிய சரக்குகளும் உண்டு.

ஏழாம் படி: எல்லைச் சோதனை நிலையம்

அங்கே மூன்று சோதனைகள் நடக்கும். முதலில் ஆவணங்கள், அடுத்து, ஆவணத்தில் உள்ளதுதான் பெட்டியில் உள்ளதா என்ற அடையாளச் சோதனை, இறுதியாக இலையைப் பிரித்துப் பார்க்கும் நேரடிச் சோதனை. எந்தப் பொருள் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து நேரடிச் சோதனையின் அடர்த்தி மாறும். துளசிக்கு உங்கள் பெட்டி திறக்கப்படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரிக்கு உதவியாக நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு பெட்டியின் மேலும் உள்ளிருப்பதன் தாவரப் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒரு பெட்டிக்குள் ஒரு வகைக்கு மேல் வேண்டாம். வகைவாரியாகத் தனி ஆவண வரி இருந்தால், ஒரு வகையில் பூச்சி கண்டால் அந்த வகையோடு நடவடிக்கை நிற்க வாய்ப்புண்டு. கலந்து கட்டியிருந்தால் எல்லாம் சேர்ந்து போகும். வெள்ளிக்கிழமை மாலை வந்திறங்கும்படி விமானத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதிகாரி ஐயத்துக்குரிய வெள்ளை ஈயைக் கண்டால், அதன் கூட்டுப்புழுப் பருவத்தை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இனத்தை உறுதிசெய்ய முடியும். ஆய்வகம் திங்கட்கிழமை திறக்கும்வரை புதினா பச்சையாக இருக்காது.

எட்டாம் படி: சரக்கு நிராகரிக்கப்பட்டால்

நிராகரிக்கப்பட்ட சரக்கை அழிக்கலாம், திருப்பி அனுப்பலாம், சில பொருள்களுக்கு உரிய சிகிச்சை செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. இலைக்கு இவற்றுள் நடைமுறையில் நடப்பது அழிப்பதே. அதன் செலவும் இறக்குமதியாளர் தலையில்தான். அதிகாரியோடு வாதிடுவதில் நேரத்தைச் செலவிடுவதைவிட, எழுத்து வடிவ முடிவைக் கேட்டு வாங்குவதில் செலவிடுங்கள். எந்தப் பூச்சி, எந்த வகை இலை, எந்தப் பெட்டி என்பவை அதில் இருக்கும். அதை அன்றே ஏற்றுமதியாளருக்கு அனுப்பி, அந்தப் பெட்டியின் இலை எந்த வயலில் பறிக்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் வரும்வரை அந்த வகையை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

பிடிபட்ட ஒவ்வொரு நிகழ்வையும் உறுப்பு நாடு ஒன்றிய அமைப்புக்கு அறிவிக்கிறது. அது ஏற்றுமதி நாட்டுக்கும் தெரிவிக்கப்படுகிறது. இந்த அறிவிப்புகளின் மாதாந்தரப் பட்டியலை ஐரோப்பிய ஆணையம் பொதுவில் வெளியிடுகிறது. எந்த நாட்டின் எந்த இலையில் எந்தப் பூச்சி அடிக்கடி அகப்படுகிறது என்பதைப் புதிய சரக்கு தேடும் முன் அதில் பார்த்துக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும் இந்தத் தகவலைச் சிறு வணிகர்கள் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள்.

ஒன்பதாம் படி: மருந்து எச்சத்தையும் சேர்த்துக் கணக்கிடுதல்

இது வேறு சட்டம், வேறு அலுவலர். ஆனால் இலை ஒன்றுதான். பூச்சி கண்டு சரக்கு திரும்பியதும், ஏற்றுமதியாளருக்கு முதலில் தோன்றும் தீர்வு மருந்தடிப்பை இரட்டிப்பாக்குவது. அப்படிச் செய்தால் அடுத்த சரக்கு பூச்சியில்லாமல் வந்து, பூச்சிக்கொல்லி எச்சத்தில் சிக்கும். 2019/1793 என்ற ஒழுங்குமுறை, கூடுதல் சோதனைக்கு உட்படும் உணவுப் பொருள்களை நாடுவாரியாகப் பட்டியலிடுகிறது. இலங்கையின் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் எச்சத்துக்காகவே அந்தப் பட்டியலில் ஏறியவை. பட்டியலும் சோதனைச் சதவீதமும் குறிப்பிட்ட கால இடைவெளியில் மாற்றப்படுவதால், ஒவ்வொரு திருத்தத்தையும் பார்க்க வேண்டும். எந்த மருந்து, எப்போது, அறுவடைக்கு எத்தனை நாள் முன் என்ற தெளிப்புப் பதிவேட்டை ஏற்றுமதியாளரிடம் வாங்கிப் பார்க்காமல் துளசியையோ கீரையையோ ஒப்புக்கொள்ள வேண்டாம். வலைக்குடிலுக்கு அவர் கேட்கும் கூடுதல் விலை எனக்கு எப்போதும் நியாயமாகவே பட்டிருக்கிறது. இரண்டு சட்டங்களையும் ஒருங்கே நிறைவேற்ற அதைவிட மலிவான வழியை நான் கண்டதில்லை.

எல்லை கடந்தும் சில குறிப்புகள்

சுவிட்சர்லாந்து ஒன்றியத்தின் உறுப்பு நாடல்ல என்றாலும், வேளாண் உடன்பாட்டின் வழியாகத் தாவர நல விதிகளில் ஒன்றியத்தோடு இணைந்தே நடக்கிறது. சூரிச்சிலோ ஜெனீவாவிலோ இறங்கும் இலைக்கும் மேலே சொன்னவை பெரும்பாலும் பொருந்தும். நோர்வே தனி விதிகளைக் கொண்டது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி உடன்பாடு தாவர நலத்தை உள்ளடக்கவில்லை. அயர்லாந்தும் சுவீடனும் வெள்ளை ஈக்கு எதிரான பாதுகாக்கப்பட்ட மண்டலங்கள், அதாவது ஒன்றியத்தின் பிற பகுதிகளில் இருக்கும் அந்தப் பூச்சியும் புகாதபடி காக்கப்படும் பகுதிகள். வட அயர்லாந்தில் ஒன்றிய விதிகளே நடப்பில் உள்ளன.

ஊரிலிருந்து வரும் உறவினரின் பையில் இரண்டு கட்டுக் கறிவேப்பிலையைக் கொண்டுவரச் சொல்லும் வழக்கத்துக்கும் இப்போது இடமில்லை. சிறு அளவுக்கென்று இருந்த பயணிகள் விலக்கு நீங்கிவிட்டது. முன் சொன்ன ஐந்து பழங்கள் தவிர மற்ற எதுவானாலும் பயணியின் பைக்கும் சான்றிதழ் வேண்டும். அவ்வாறு வந்த இலையைக் கடையில் வைத்து விற்பவர், யாரிடமிருந்து வாங்கினார் என்பதைக் காட்ட முடியாத நிலையில் சிக்கிக்கொள்வார். பதிவு பெற்ற இறக்குமதியாளர் ஒவ்வொரு சரக்கையும் யாரிடம் வாங்கினார், எந்த வணிகருக்கு விற்றார் என்ற ஆவணங்களைக் குறைந்தது மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சான்றிதழ் நகல், நுழைவு ஆவணம், ஏற்றுமதியாளரின் வயல் பதிவேட்டுப் படங்கள், விற்பனை ரசீதுகள் ஆகியவற்றைச் சரக்கு எண்வாரியாக ஒரே கோப்பில் சேர்த்து வைக்கும் பழக்கத்தை முதல் பெட்டியிலிருந்தே தொடங்குங்கள்.